எட்டுத் தேரும் ஒரு சக்கரமும்

முன்னுரை

சங்ககாலப் புலவராகிய ஔவையார், தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் புகழ்ந்து பாடிய பாட்டுக்களுள் ஒன்று புறநானூற்றில் 87-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. அவனோடு பொரக் கருதுதல் வேண்டா எனப் பகைவரை எச்சரிக்கும் அப்பாட்டில், அவனது ஆற்றலுக்கு உவமையாக அம்மூதாட்டியார் எடுத்துக்கொண்டது புலியுமன்று, களிறுமன்று. ஒரு தேர்ச் சக்கரம். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கும் கைத்திறம் வாய்ந்த தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுதும் கருத்தூன்றி உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமான் ஒப்பான் என்பது அவர் கூற்று.

இவ்வுவமையில் ஆழ்ந்து நோக்கத்தக்க பொருள் ஒன்றுளது. இயல்பாகவே மெல்லச் செய்பவன் ஒருவன் மெல்லச் செய்தான் என்று புலவர் கூறினாரல்லர். விரைந்து செய்யவல்லவனே தன் விரைவை அடக்கிப் பொறுமையுடன் செய்தான் என்றார். சக்கரமோ விரைந்தோடுதற்கு உரியது. விரைந்தோடும் பொருளை விரைந்து செய்தலாகாது என்பதே இதனாற் போந்த கருத்து. இக்கருத்து நம் காலத்திற்கும் எத்துணைப் பொருந்துவது என்பதை, பழைய மோட்டார் உறுப்புகளைக் கொண்டு பழம்பாணியிற் பந்தய வண்டி இயற்றும் தொழிலைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தகடூரும் ஓசூரும்

தகடூர் என்பது இக்காலத்துத் தருமபுரியாகும். தருமபுரி மாவட்டத்தினின்றும் 2004-ஆம் ஆண்டிற் பிரிக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம். அம்மாவட்டத்தில், கர்நாடக எல்லையை அடுத்து, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் ஓசூர் நகரம் அமைந்துள்ளது. சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் அந்நகரின் தோற்றமே மாறிற்று. 1980-ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க 'டிவிஎஸ் 50' என்னும் சிறு வண்டி அங்குள்ள தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே அங்கு அமைந்தது. இவ்விரு பேராலைகளையும் பின்னர் வந்த பிறவற்றையும் சூழ்ந்து, அவற்றிற்கு வேண்டும் பல்சக்கரம், வார்ப்பு, தண்டு, திருகாணி முதலியவற்றைக் கடைந்தும் வடித்தும் கொடுக்கும் சிறு பட்டறைகள் பல்கின. ஆகவே, தகடூர் நாட்டில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் இன்றும் உளன் எனல் மிகையாகாது.

ஆயினும் ஆலைத் தொழிலுக்கு ஓர் இயல்புண்டு. பல் வெட்டுபவன் நாள்தோறும் பல்லையே வெட்டுகிறான். துளையிடுபவன் துளையையே இடுகிறான். ஆயிரம் வண்டிகளில் அவன் கைபட்டிருப்பினும், 'இவ்வண்டியை யான் செய்தேன்' என்று சுட்டிக்காட்ட ஒன்றேனும் அவனுக்கில்லை. இஃது ஒருபுறமிருக்க, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் ஊடறுத்துச் செல்கின்றது. அதில் தம் இருசக்கர வண்டிகளின் விரைவைச் சோதிக்கும் இளைஞரையும், அச்சோதனையால் மகனை இழந்த பெற்றோரையும் நாம் அறிவோம். கைத்திறனுக்கு முழுமை தருவதும், விரைவு வேட்கைக்கு முறையான வழி காட்டுவதும் ஆகிய இரண்டனையும் ஒருங்கே செய்யவல்ல தொழில் ஒன்று உளதேல், அது கற்கத்தக்கதன்றோ?

பழம்பொருளிற் பிறந்த பந்தயம்

'ஸ்பிரிண்ட்' என்பது குறுந்தொலைவை மிக்க விரைவிற் கடக்கும் ஓட்டம். அமெரிக்க நாட்டில் ஊர்ச்சந்தைத் திடல்களில் வட்டமாக அமைந்த மண்பாதையில் ஓடிய சிறு பந்தய வண்டிகளே ஸ்பிரிண்ட் வண்டிகள் எனப் பெயர் பெற்றன. அவற்றின் முன்னோர் எவ்வாறு தோன்றின எனின், கூறுதும். போர்டு நிறுவனத்தார் 1908 முதல் 1927 வரை 'டி' மாதிரி வண்டிகளை ஒன்றரைக் கோடிக்கு மேற் செய்து விற்றனர். நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ 20 குதிரைத் திறனும் உடைய அவ்வண்டிகள் பழையவாகி மலிந்தபோது, சிற்றூர்க் கொல்லர் அவற்றின் கூரையையும் சேறுகாப்புத் தகட்டையும் பின்னிருக்கையையும் கழற்றி எறிந்து, எஞ்சியதைப் பந்தயத்திற்கு உரியதாக்கினர். செவ்ரோலே உடன்பிறந்தார் அவ்வெஞ்சினுக்குப் புதிய தலைப்பகுதி ஒன்றைச் செய்து விற்றனர். அதனைப் பூண்ட வண்டியொன்று 1923-ஆம் ஆண்டு இண்டியானபொலிசு நகரின் 500 மைல் பந்தயத்தில், அதற்கெனவே பெரும்பொருட் செலவிற் செய்யப்பட்ட வண்டிகளோடு ஓடி, ஐந்தாவதாக வந்தது.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததும் இத்தன்மைத்தே. 1946-ஆம் ஆண்டில் சார்லசு கூப்பர் என்பாரும் அவர் மகனார் ஜானும், பழைய பியட் சிறுவண்டிகள் இரண்டின் முற்பகுதிகளை எடுத்து, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகப் பொருத்தி ஒரு வண்டி செய்தனர். அதற்கு மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பூட்டினர். சங்கிலியாற் பின்சக்கரங்களைச் சுழற்றுதற்கு எளிது என்பதுபற்றி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்தனர். பொருட் பற்றாக்குறையால் நேர்ந்த இவ்வமைப்பே பின்னர் உலகை வென்றது. 1959, 1960 ஆகிய இரண்டாண்டும் கூப்பர் வண்டியே உலகப் பட்டம் பெற்றது. பிறரும் எஞ்சினைப் பின்னே வைக்கத் தலைப்பட்டனர். லண்டன் மாநகரிற் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்னும் இளைஞர் பழைய ஆஸ்டின் வண்டியொன்றை மாற்றியமைத்து 1948-இற் செய்ததே முதல் லோட்டசு வண்டி. 1963-ஆம் ஆண்டில் லோட்டசு உலகப் பட்டம் எய்தியது. பிறர் கழித்த உறுப்புகளிலிருந்து தொடங்கியோர் இறுதியிற் பிறருக்கு வழிகாட்டினர் என்பதற்கு இவை போதிய சான்றாம்.

நம் நாட்டிற் கண்ட முயற்சி

நம் நாட்டில் இவ்விளையாட்டிற்குத் தாயகமாக விளங்கியது சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது விமானங்களுக்கென அமைத்த ஓடுதளம் போருக்குப்பின் வெறிதே கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அதனைப் பந்தயக் களமாக்கினர். வெளிநாட்டு வண்டியையும் உறுப்பையும் வருவித்தற்குக் கடுந்தடை இருந்த அக்காலத்தில், உள்நாட்டிற் கிடைத்த பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய வண்டிகளையே ஆர்வலர் தம் பட்டறைகளில் மாற்றியமைத்துக் கொண்டுவந்தனர். இல்லாமையே அவர்க்கு ஆசிரியனாயிற்று.

அம்மரபில் தலைசிறந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். ஆலைத் தொழிற் குடும்பத்தில் 1954-இற் பிறந்த அவர், பந்தயத்தில் தாம் வெல்வதோடு அமையாது, பிறரும் ஓட்டுதற்கு வண்டி வேண்டுமே என்று எண்ணினார். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 வண்டியின் மூன்று சிலிண்டரும் 796 கன சென்டிமீட்டர் அளவும் உடைய சிற்றெஞ்சின் நாடெங்கும் எளிதிற் கிடைத்தது. குடும்பத்தார் கடைக்குச் செல்லப் பயன்பட்ட அவ்வெஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே அமைத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டியை அவர் உருவாக்கினார். அவ்வகை 'பார்முலா மாருதி' என வழங்கிற்று. சிறுபொருளில் ஓட்டப் பயிற்சி பெறுதற்கு அது வாயிலாயிற்று. 1995-ஆம் ஆண்டில் வானூர்தி விபத்தொன்றில் அவர் உயிர்துறந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பார்முலா மாருதி வண்டியில் ஓட்டம் பழகியவருள் ஒருவர் கோயம்புத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன். அவர் 2005-ஆம் ஆண்டில், மேலே கூறிய அந்த இண்டியானபொலிசுக் களத்திலேயே, உலகப் பந்தயத்தில் நான்காவதாக வந்து புள்ளி பெற்ற முதல் இந்தியராயினார். அன்று ஓடியவை ஆறே வண்டிகள். ஏனைய 14 வண்டிகளும் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. என்னை? அவற்றிற்குப் பூட்டிய டயர்கள் அக்களத்தின் சாய்ந்த வளைவைத் தாங்கா என்று டயர் செய்தோரே அறிவித்தமையால் என்க. கோடிக்கணக்கான பொருட்செலவிற் செய்த வண்டிகளும் சக்கரம் நம்பத்தகாததாயின் நின்றுவிட வேண்டியதே. ஔவையார் தேரை விடுத்துச் சக்கரத்தைப் போற்றியதன் நுட்பம் இதனாலும் விளங்கும்.

உறுப்புத் தேர்வு

இனி, இயற்றும் முறையை நோக்குவாம். பழம்பாணி ஸ்பிரிண்ட் வண்டிக்கு எஞ்சின் முன்னும் ஓட்டுச் சக்கரம் பின்னும் இருத்தல் வேண்டும். மாருதி 800 முன்சக்கரத்தாலேயே இழுக்கப்படுவதாதலின் இவ்வமைப்பிற்கு நேரே பொருந்தாது. பிரிமியர் பத்மினி, அம்பாசடர், மாருதி ஆம்னி ஆகியவற்றுள் ஒன்றன் எஞ்சினும், கியர்ப் பெட்டியும், நெடுந்தண்டும், பின்னச்சும் ஏற்றவை. இம்மூன்றும் இப்பொழுது புதியனவாகச் செய்யப்படுவதில்லை. ஆயினும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புச் சந்தைகளிலும், ஊர்தோறும் உள்ள காயலான் கடைகளிலும் இவற்றின் பகுதிகளைத் தேடிப் பெறலாம். வாங்குங்கால் அவ்வுறுப்பு நேர்வழியில் வந்ததுதானா என்பதற்கு உரிய சீட்டைக் கேட்டுப் பெறுதல் முதற்கடன்.

பழைய உறுப்புக்கு விலை குறைவு, ஐயம் மிகுதி. மட்பாண்டம் வாங்கும் மகளிர் அதனை விரலால் தட்டி ஒலி கேட்பர். இரும்பிற்கும் அம்முறையே முதற்சோதனை. பின்னச்சையோ இணைப்புத் தண்டையோ கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினால், பழுதற்றது மணிபோல் ஒலித்து ஒலி நீளும். வெடிப்புடையது மழுங்கிய ஓசை தந்து அடங்கும். இரண்டாஞ் சோதனை மண்ணெண்ணெயாலாவது. உறுப்பை அழுக்கறத் துடைத்துச் சில மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மீண்டும் உலரத் துடைத்து, அதன்மேற் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசிவைத்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு இருக்குமாயின், அதனுட் புகுந்திருந்த எண்ணெய் சிறிது நேரத்திற் கசிந்து வெண்பூச்சின்மேல் ஒரு கருங்கோடு வரையும். அக்கோடு மயிரிழையளவினதேனும் அவ்வுறுப்பைக் கழித்துவிடல் வேண்டும்.

பற்றவைத்துச் சரிசெய்யலாமே எனின், எல்லாவற்றிற்கும் அது பொருந்தாது. ஸ்டியரிங்கின் கைகளும் இணைப்புத் தண்டுகளும் அடித்து வடித்த எஃகாலாயவை. நெருப்பிற் காய்ச்சி வளைப்பதனாலும் பற்றவைப்பதனாலும் அவற்றின் உரம் கெடும். திருகாணியிலும் வேறுபாடுண்டு. தலையில் 8.8 என்னும் எண் பொறித்த திருகாணி உயரிய எஃகாலாயது. எண்ணற்றது பொது வேலைக்குரியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சில ரூபாய் மிச்சம் பிடிக்கக் கருதி எண்ணற்றதைச் சக்கரத்தருகே முடுக்குபவன், அச்சில ரூபாய்க்கு ஓர் உயிரை ஈடு வைத்தவனாகிறான்.

சட்டமும் எடையும்

வண்டியின் உறுப்பனைத்தையும் தாங்குவது அடிச்சட்டம். பட்டறையார் இதனைச் 'சேஸ்' என்பர். பழம்பாணிச் சட்டம் ஏணியை ஒத்தது: நெடுக இரு எஃகுச் சட்டங்களும், அவற்றைப் பிணிக்கும் குறுக்குச் சட்டங்களும் உடையது. தரை மேடுபள்ளமாயின் சட்டமும் முறுக்கேறும். ஆதலின் சமனான எஃகு மேடையின்மீதோ, கருங்கல் மட்டப்பலகையின்மீதோ வைத்து இணைத்தல் வேண்டும். கிருஷ்ணகிரிச் சீமை கருங்கல்லுக்குப் பெயர் பெற்றதாகலின் இதற்கு ஆங்குக் குறைவில்லை. சட்டம் செங்கோணத்தில் அமைந்ததா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. முன்னிட மூலையிலிருந்து பின்வல மூலைக்கும், முன்வல மூலையிலிருந்து பின்னிட மூலைக்கும் அளந்தால் இரண்டு அளவும் ஒத்திருத்தல் வேண்டும். வீடு கட்டும் கொத்தனார் கடைகால் கோலும்போது மூலைமட்டம் பார்ப்பதும் இம்முறையானே. பற்றவைக்குங்கால் வெம்மையால் இரும்பு இழுத்துக்கொள்ளுமாதலின், ஒரு மூலையைச் சிறிது பற்றவைத்து, எதிர்மூலைக்குச் சென்று, மீண்டும் அளந்து, மீண்டும் பற்றவைத்து முன்னேறல் வேண்டும். இவ்விடத்தே அவசரப்படுபவனது வண்டி பிறவியிலேயே கோணலாகிவிடும்.

பழைய சிற்றெஞ்சினைக் கொண்டு விரைவு பெறுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை எடையில் உளது. பிரிமியர் பத்மினி வண்டி ஏறத்தாழ 900 கிலோ எடையும் 40 குதிரைத் திறனும் உடையது. ஆகவே ஒவ்வொரு குதிரைத் திறனும் 22.5 கிலோவைச் சுமக்கின்றது. கதவு, கூரை, பின்னிருக்கை முதலியன ஒழித்து 500 கிலோவில் வண்டி அமைத்தோமாயின், ஒன்றுக்கு 12.5 கிலோவே சுமையாகும். எஞ்சினைத் தொடாமலே அதன் ஆற்றலை ஏறக்குறைய இருமடங்காக்கினோம். வேண்டாதனவற்றை நீக்குதலே முதல் ஆக்கம் என்பது இதனாற் பெறப்படும்.

சக்கரம்

பழம்பாணி வண்டிக்கு அழகு தருவது கம்பிச் சக்கரம். ஔவையார் காலத்துச் சக்கரத்தின் ஆர்கள் மரத்தாலாயவை. அவை தம்மேல் அழுந்தும் பாரத்தைத் தூண்போலத் தாங்கின. கம்பி ஆர்களோ தூணாக நில்லா. எல்லாம் இழுவிசையால் நிற்பன. ஆதலின் ஒரு கம்பி தளர்ந்தாலும் அதன் சுமை அண்டைக் கம்பிகளுக்குச் செல்லும். அவையும் ஒவ்வொன்றாக அறும். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோட்டம் எடுப்பதை அனைவரும் கண்டிருப்போம். இங்குச் செய்யத்தக்கதும் அதுவே. கம்பி ஒவ்வொன்றையும் தட்டி, யாழ் நரம்பைச் சுருதி கூட்டுவார் போல ஒலி ஒத்து வரும்வரை முடுக்கியும் தளர்த்தியும் அமைத்தல் வேண்டும். ஒன்றை முடுக்க மற்றொன்று தளரும். மீண்டும் தொடக்கத்திலிருந்தே பார்க்க நேரும். ஒரு சக்கரத்திற்கு ஒரு மாதம் சென்றதன் காரணம், நாமே ஒரு சக்கரத்தின்முன் அமர்ந்து பார்க்கும்போது எளிதில் விளங்கும்.

வண்டியில் எல்லாம் பழையதாயிருக்கலாம். டயர் மட்டும் பழையதாயிருத்தல் கூடாது. ஓடாமல் வைத்திருந்த டயரும் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிப் பிடிப்பிழக்கும். டயரின் பக்கத்தில் நான்கிலக்க எண் ஒன்று பொறித்திருப்பர். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்தது என்பது பொருள். வரிகள் தேயாதிருத்தல் கண்டு மயங்காது இவ்வெண்ணை நோக்குதல் அறிவுடைமை.

திருப்பமும் முட்டுக்கட்டையும்

வண்டி திரும்புங்கால் உட்புறச் சக்கரம் சிறு வட்டத்தையும் வெளிப்புறச் சக்கரம் பெருவட்டத்தையும் வரைகின்றன. ஆகவே உட்புறச் சக்கரம் மிகுதியாக மடங்குதல் வேண்டும். இரண்டும் ஒரே அளவு மடங்கினால் ஒன்று தரையில் தேய்ந்து வழுக்கும். மியூனிக் நகர வண்டித் தொழிலாளர் லாங்கன்ஸ்பெர்கர் கண்டறிந்து, ஆக்கர்மன் என்பார் 1818-இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்ற முறையே இன்றளவும் வழங்குகின்றது. முன்சக்கரங்களின் திருப்புக் கைகள் வழியே பின்னோக்கிக் கயிறு பிடித்தால் இரு கயிறும் பின்னச்சின் நடுவிற் சந்திக்குமாறு அமைப்பதே அதன் சாரம். நூற்கயிறும் சுண்ணக்கோடும் போதும். விலையுயர்ந்த கருவி வேண்டா.

திரும்புதலினும் அரியது நிற்றல். ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் கோயில் முதலாக எவ்வூர்த் தேரோட்டத்திலும் வடம் பிடிப்போர் பலர். முட்டுக்கட்டை இடுவோர் சிலர். மக்கள் கண்ணெல்லாம் வடத்தின்மேல் இருப்பினும், தேர் வீட்டுச் சுவரில் மோதாது நிலைசேர்வது முட்டுக்கட்டை இடுவோராலேயாம். மோட்டார் வண்டியில் எஞ்சின் வடம், பிரேக்கே முட்டுக்கட்டை.

விரைவு இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்மடங்காகின்றது. நன்கமைந்த பிரேக்கு, மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் வரும் வண்டியை 9 மீட்டரில் நிறுத்துமாயின், அதே பிரேக்கு 80 கிலோமீட்டர் விரைவில் வருவதை நிறுத்த 36 மீட்டர் கொள்ளும். 'இருமடங்கு விரைவுதானே' என்று எண்ணுபவன் 18 மீட்டரை எதிர்பார்க்கிறான். எஞ்சிய 18 மீட்டரில்தான் துன்பம் காத்திருக்கின்றது. ஆதலின் எஞ்சினைச் செப்பஞ்செய்யுமுன் பிரேக்கைச் செப்பஞ்செய்க என்பது இத்தொழிலின் முதல் விதி. வண்டியைக் கையால் தள்ளி ஓட்டிப் பிரேக்கைச் சோதித்து முடிக்குமளவும் எஞ்சினிற் பெட்ரோல் ஊற்றாதவனே நல்ல தொழிலாளி.

சேம அச்சு

அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய மற்றொரு புறப்பாட்டில் (102), ஔவையார் மீண்டும் வண்டியையே உவமை கொள்கின்றார். நுகம் பழகாத இளங்காளைகள், மிக்க பாரம், மேடும் பள்ளமுமான வழி. யாது நேருமோ என்றெண்ணி உப்பு வணிகர் தம் வண்டி அச்சின்கீழ் வேறோர் அச்சைச் சேமமாகக் கட்டிச் செல்வர். அச்சேம அச்சைப் போன்றவன் அவன் என்கிறார். கெட்ட பின் வருந்தாது, கெடுமுன் எண்ணும் அறிவை நம் முன்னோர் வண்டியோட்டிகளிடமே கண்டனர்.

பழைய பந்தய வண்டிகளிற் சேம அச்சு இல்லை. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் வெளியே வீசப்படுதலே நன்று என்று அந்நாளிற் பலர் நம்பினர். உலகப் பந்தய வண்டிகளிற் கவிழ்காப்பு வளையம் 1961-இலும், இருக்கை வார் 1972-இலும் கட்டாயமாக்கப்பட்டன. அவற்றிற்கு முன் மாண்டோர் பலர். ஆகவே பழம்பாணி என்பது தோற்றத்தளவில் நிற்கவேண்டுமேயன்றி, பழைய இடர்களையும் உடன்கொண்டு வருதல் கூடாது. ஓட்டுநர் தலைக்குமேல் உயரும் உறுதியான எஃகு வளையம், தோளையும் இடையையும் பிணிக்கும் வார், எரிபொருட் கலத்திற்கும் இருக்கைக்கும் இடையே இரும்புத் தகடு, ஒரு குழாய் உடைந்தாலும் மற்றொன்று தொழிற்படும் இரட்டைப் பிரேக்கு அமைப்பு ஆகியன இன்றியமையாதன.

இன்னுமொன்று பலரும் மறப்பது. எஞ்சினிலிருந்து பின்னச்சிற்குச் செல்லும் நெடுந்தண்டு ஓட்டுநரின் கால்களுக்கிடையே சுழல்கின்றது. அதன் முன்முனை முறிந்து தரையிற் குத்துமாயின், கோலூன்றித் தாண்டுவானைப் போல வண்டியே எகிறிக் கவிழும். தண்டைச் சூழ ஓர் இரும்பு வளையம் கட்டிவிட்டால், முறிந்த தண்டு அதனுள்ளேயே தங்கும். ஒரு முழ இரும்புப் பட்டையும் நான்கு திருகாணியும் போதும். உமணர் கட்டிய சேம அச்சின் நேர் வழித்தோன்றல் இதுவே எனலாம்.

ஓடுதற்குரிய களம்

இங்ஙனம் இயற்றிய வண்டியை எங்கு ஓட்டுவது? பொதுச் சாலையில் அன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில், பதிவுற்ற வண்டியை, அதனைச் செய்தோர் முதலில் வகுத்த அமைப்பினின்றும் மாறுபடுமாறு உரிமையாளர் திருத்தியமைத்தலைத் தடை செய்கின்றது. இத்தடையைச் சிலர் ஆர்வத்திற்கு இட்ட விலங்கெனக் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாலை என்பது பள்ளிச் சிறாரும், மாங்காய் ஏற்றிய வண்டியும், இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளியும் ஒருங்கே செல்லும் பொதுவிடம். அவருள் எவரும் நம் விரைவுச் சோதனைக்கு இசைந்தவரல்லர். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த களமும், செட்டிபாளையத்துக் களமும் இதற்கென்றே உள்ளன. அங்கு வண்டியைத் தேர்ந்தோர் சோதித்த பின்னரே ஓடவிடுவர். மருத்துவரும் தீயணைப்போரும் அருகில் நிற்பர். விரைவுக்கென வரைந்த எல்லைக்குள் ஓடுவது விளையாட்டு. அவ்வெல்லைக்கு வெளியே அதுவே பிறருக்கு இழைக்கும் தீங்கு.

கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. ஊர் ஆநிரையைக் காத்துப் பொருது பட்ட வீரர்க்கு அவை எழுப்பப்பட்டன. தன் உயிரைப் பிறர்க்காகக் கொடுத்தவனை ஊர் கல்லில் எழுதிற்று. நெடுஞ்சாலையில் வீண் விரைவால் மாண்ட இளைஞனுக்கு நடுகல் இல்லை. அவன் தாயின் கண்ணீரே உண்டு. வீரம் எது, விரைவு எது என்று பகுத்தறிய இந்நிலத்தின் கற்களே நமக்குப் பாடம் ஓதுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கழித்த உறுப்பும் தேர்ந்தார் கையிற் பயன்படும் என்பதும், எடை குறைத்தலே ஆற்றல் பெருக்கும் வழி என்பதும், ஓட்டத்தினும் நிறுத்தம் முற்பட எண்ணத்தக்கது என்பதும், கேடு வருமுன் சேமம் செய்தல் தொழிலின் ஒரு பகுதியே என்பதும் விளங்கும். இவை மோட்டார்த் தொழிலுக்கு மட்டும் உரிய உண்மைகள் அல்ல.

தொழிற் பயிற்சிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் இளைஞர் பத்துப் பன்னிருவர் கூடி, தேர்ந்த தொழிலாளர் ஒருவரை ஆசிரியராகக் கொண்டு, ஆண்டுக்கு ஒரு வண்டி இயற்றுவாராயின், அவருட் சிலர் பந்தயத்தில் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். ஆயின் அவரனைவரும் ஒரு முழுப்பொருளைத் தம் கையாற் செய்து முடித்த நிறைவைப் பெறுவர். தம் கையாற் செய்தமையால் அதன் ஒவ்வொரு திருகாணியும் எத்துணை விரைவைத் தாங்கும், எதனைத் தாங்காது என்பதையும் அறிவர். அவ்வறிவு உடையவன் நெடுஞ்சாலையில் எல்லை மீறத் துணியான்.

எட்டுத் தேர் செய்யும் திறம் ஓசூர்க்கு வந்துவிட்டது. ஒரு சக்கரத்திற்கு ஒரு மாதம் செலவிடும் பொறுமையும் அதனுடன் கூடுக.